முதலாம் ஆண்டு கணிதம், எஸ். வல்லிநாயகம்

1985 ஜூன் மாதம் நான் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருந்த அந்தக் கல்லூரிக்குப் பதினான்கு வயது. அதன் அலுவலகத்தில் தேர்வுப் பிரிவு எழுத்தராக இருந்த வல்லிநாயகத்துக்கு நாற்பத்தைந்து வயது. ஆனால் அவர் பெயர் வல்லிநாயகம் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் சான்றிதழ்களைச் சரிபார்த்தவர் அவர்தான். ஊர் வாசுதேவநல்லூர் என்றதும், "எந்தத் தெரு சார்?" என்று கேட்டார். சொன்னேன். "எழுபத்தாறுல அந்தத் தெருவுல இருந்து ஒரு பையன் இங்கன பி.ஏ. படிச்சான். மூக்கு மேல ஒரு தழும்பு இருக்கும்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அந்தத் தழும்பு எனக்கும் தெரியும்.

அவருக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். ஒரு காலத்தில் நிலபுலம் இருந்த குடும்பம். அவர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த 1957ஆம் வருடம், முடிவு வந்த அதே மாதத்தில் அப்பா சுப்பிரமணியம் காய்ச்சலில் இறந்துபோனார். மகனைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ப்பதற்கு அவர் விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாராம். இரண்டு தங்கைகள் இருந்ததால் வல்லிநாயகம் படிவத்தை மறந்துவிட்டு பாவூர்சத்திரத்தில் ஒரு விதைக்கடையில் வேலைக்குப் போனார். பிறகு கல்லூரி தொடங்கியபோது அட்டெண்டராகச் சேர்ந்து, ஏழெட்டு வருடத்தில் எழுத்தரானார். மனைவி முத்துவடிவு. ஒரே மகள் அகிலாண்டேஸ்வரி. அந்த ஜூனில் அவளும் எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். அவள் யார் மகள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நான் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதுவரை ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர் பதிவேட்டைத் தானே வைத்திருந்தது. இனிமேல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நாற்பத்திரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே பதிவு, ஒரே எண் முறை, எல்லாம் கம்ப்யூட்டரில். கல்லூரிக்கு ஒருவர் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும். தலைமை எழுத்தர் ஓய்வுபெற ஐந்து மாதம்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். முதல்வர் காந்திமதிநாதன் வல்லிநாயகத்தைக் கூப்பிட்டு, "நீரு போயிட்டு வாரும்வே. உம்ம கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார்.

பயிற்சியைப் பற்றிப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். "சார், மூணு நாளும் கம்ப்யூட்டரக் கண்ணுல காட்டல. ஒரு பெரிய ஹால்ல உக்கார வச்சு இங்கிலீஷ்ல பேசுனாங்க. ஃபைல்னாங்க. சரி, ஃபைல் நமக்குத் தெரியும், நாடா போட்டுக் கட்டுதது. ரெக்கார்டுன்னாங்க. அதுவும் தெரியும், நம்ம ரெக்கார்டு ரூம். ஆனா ஃபைலுக்குள்ள ரெக்கார்டு இருக்கும், ரெக்கார்டுக்குள்ள ஃபீல்டு இருக்கும்னாங்க. ரூமு எப்படி ஃபைலுக்குள்ள போகும்? ஃபீல்டுன்னா வயக்காடுல்லா? பக்கத்துல இருந்தவருகிட்டக் கேக்கலாம்னு பாத்தேன். அவரு மும்முரமா எழுதிக்கிட்டு இருந்தாரு. எழுதுதாரே, அவருக்கு விளங்கிட்டு போலன்னு நானும் எழுதினேன்."

மூன்றாம் நாள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோடிங் ஷீட்டைக் கொடுத்தார்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சடித்த பெரிய தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. பழகிப் பார்ப்பதற்காக உங்கள் கல்லூரி மாணவர் ஒருவரின் விவரத்தை நிரப்புங்கள் என்றார்கள். பதிவேடு கையில் இல்லாமல் யாருடைய பிறந்த தேதியும் அவருக்கு நினைவில்லை. தப்பாக எழுத மனம் வரவில்லை. தனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று தன் பெயரையே எழுதினார். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், கீழப்பாவூர் முகவரி எல்லாம் சுத்தமாக எழுதினார். பாடப்பிரிவுக்கு, மகளைச் சேர்க்க வேண்டுமென்று நினைத்து வைத்திருந்த கணிதத்தின் எண்ணைப் போட்டார். கல்லூரி எண்ணையும் சரியாகப் போட்டார். ஷீட்டுகளை வாங்கி அடுக்கினார்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்த அன்றே அலுவலகம் முழுக்க அவரைச் சூழ்ந்துகொண்டது. டைப்பிஸ்ட் சங்கரபாண்டி, "அண்ணாச்சி, அது எப்படி இருக்கும்? நாம சொன்னா கேக்குமா?" என்றான். பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. "எல்லாம் கட்டத்துக்குள்ள எழுதணும்டே. வெளிய போச்சுன்னா ஏத்துக்காது" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே கல்லூரி முழுவதும் அவர் கம்ப்யூட்டர் படித்தவர் என்று நம்பிவிட்டது.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் நானூற்றுப் பன்னிரண்டு ஷீட்டுகளை நிரப்பினார். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தாள்கள் ஈரம் வாங்கி ஒன்றோடொன்று ஒட்டின. பேனா மை பரவி, எட்டு என்ற எண் ஒன்பது மாதிரி ஆனது. போதாக்குறைக்குப் பெயர்கள். அந்த வருடம் சேர்ந்தவர்களில் உலகம்மாள் மட்டும் ஏழு பேர். குழல்வாய்மொழி மூன்று பேர், மூன்று பேருக்கும் பள்ளிச் சான்றிதழில் மூன்று விதமான ஆங்கில எழுத்து. எதை எழுதுவது, சரிதானா என்று கேட்க ஆளில்லை, கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உரச்சாக்கிலிருந்து உருவிய பிளாஸ்டிக் உறையில் ஷீட்டுகளைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பெயர்ப் பட்டியல் வந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட, விசிறி மாதிரி மடிந்து மடிந்து வரும் நீளத் தாள். துறைவாரியாகக் கிழித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வருகைப் பதிவை அந்தத் தாளைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டார். நானும் எடுத்தேன். கடைசிக்கு இரண்டு பெயர் முன்னால், "வல்லிநாயகம், எஸ்." என்று கூப்பிடுவேன். பதில் வராது. வகுப்பில் லேசாக ஒரு சிரிப்பு ஓடும். ஆப்சென்ட் போட்டுவிட்டுப் பாடத்துக்குப் போவேன். இப்படியே மூன்று வாரம் போனது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "யாரு இந்த வல்லிநாயகம்? ஒரு நாளாவது வந்திருக்கானா?" என்று கேட்டேன்.

இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டே எழுந்தாள். "சார், அது எங்கப்பா பேரு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, "உக்காரு. வாய்த்துடுக்கு வேண்டாம்" என்று அதட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. அன்று நான் அப்படிப் பேசியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் கீழப்பாவூரில் அகிலா அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "அப்பா, நீங்க எங்க கிளாஸ்ல சேர்ந்திருக்கீங்களா?"

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"தினமும் உங்க பேரக் கூப்பிடுதாங்கப்பா. நீங்க வரலன்னு ஆப்சென்ட் போடுதாங்க."

"அது வேற யாராவது வல்லிநாயகமா இருக்கும். ஊர்ல எத்தனை பேரு" என்று சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, சேர்க்கை விண்ணப்பம் அத்தனையையும் படித்தவர் அவர். அதில் வல்லிநாயகம் என்று ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டியலின் அலுவலகப் பிரதியை விரித்துப் பார்த்தார். பிறந்த தேதி அவருடையது. தகப்பனார் பெயர் சுப்பிரமணியம். மொத்த மாணவர் எண்ணிக்கை நானூற்றுப் பதின்மூன்று.

பயிற்சியில் எழுதிய அந்த ஒற்றைத் தாள் அவர் நினைவுக்கே வரவில்லை. நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கப்புறம் நானூற்றுச் சொச்சம் தாள் எழுதியிருந்தார். சங்கரபாண்டியைத் தனியே அழைத்துக் காட்டினார். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அது உங்களத் தெரிஞ்சுக்கிட்டோ? அத்தன ஷீட்டு எழுதுனவன் யாருன்னு பாத்து, அதுவா சேத்திருக்குமோ?" என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் வல்லிநாயகம் சிரித்திருப்பார். அன்று சிரிக்க முடியவில்லை. அப்படியும் இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் துறை அறைக்கு வந்து, "சார், அந்த வல்லிநாயகம் நான்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் அவர் பெயரும், அகிலா அவர் மகள் என்பதும் ஒருசேர எனக்குத் தெரிந்தன. இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். இந்தப் பெயரில் மாணவர் இல்லை, நீக்கவும் என்று.

அக்டோபரில் பதில் வந்தது, ஒன்றல்ல, இரண்டு. கல்லூரிக்கு வந்த கடிதத்தில், மேற்படி மாணவரின் பள்ளிச் சான்றிதழ்கள் பெறப்படவில்லை, தகுதியின்றிச் சேர்த்ததற்கு விளக்கம் தேவை என்றிருந்தது. மாணவருக்கு வந்த கடிதத்தில், சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும் என்றிருந்தது. முதல் கடிதத்துக்குப் பதில் தயாரிக்க வேண்டியவரும் அவர், இரண்டாவது கடிதம் யாருக்கோ அவரும் அவர்.

முதல்வர் பயந்துபோனார். போலிச் சேர்க்கை என்றால் கல்லூரியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. "என்னவே இது? நீரு என்னமும் செஞ்சீரா?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யல சார்."

"அப்ப யாரு செஞ்சா?"

"அதுதான் சார் மனசிலாகல."

விளக்கம் அனுப்பினார்கள். அதற்குப் பதில் இல்லை. நவம்பர் மாதம் கீழப்பாவூர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு, "சுப்பிரமணிய பிள்ளைக்குல்லா போட்டிருக்கு" என்று முத்துவடிவிடம் கொடுத்தாராம். அவர் மாமனாரைப் பார்த்ததே இல்லை. அகிலா பிரித்து ஆங்கிலத்தில் வாசித்தாள். 'யுவர் வார்டு' என்று அது தொடங்கியது.

முத்துவடிவு பதறிவிட்டார். "வார்டா? யாருட்டி ஆசுபத்திரியில கெடக்கா?"

"இல்லம்மா. வார்டுன்னா பிள்ளை. உங்க மகன் வல்லிநாயகம் ஒரு நாள் கூட வகுப்புக்கு வரல, பரீட்சைக்கு விடமாட்டோம், நீங்க அவனைக் கண்டிச்சு அனுப்பணும்னு தாத்தாவுக்கு எழுதியிருக்காங்க."

வல்லிநாயகம் வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் வயல் பக்கம் போய்விட்டார். மறுநாள் எனக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினார். ஓரங்கள் அதற்குள் கசங்கியிருந்தன.

"எங்கப்பா போயி இருபத்தெட்டு வருசம் ஆச்சு சார். இப்ப அவருக்கு என்ன பதில் சொல்லுதது?" என்றார். உடனே திருத்திக்கொண்டார். "பல்கலைக்கழகத்துக்கு என்ன பதில்னு கேக்க வந்தேன்."

டிசம்பரில் முதல்வர் அவரை நேரில் போய் வரச் சொன்னார். துணைக்கு நானும் போனேன். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே குளிர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பீரோ மாதிரி சில பெட்டிகள் நின்றன. வல்லிநாயகம் அவற்றை வெகுநேரம் பார்த்தார். "இதுல எது சார்?" என்று என் காதில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

எங்களைக் கவனித்தவர் ஜாஹிரா பீவி என்ற புரோகிராமர். முப்பது வயது இருக்கும். தென்காசி என்றதும் முகம் மலர்ந்தது. "நான் கடையநல்லூருதான் அண்ணாச்சி. உக்காருங்க" என்றார். பெயரைக் கேட்டார். உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். தேடி ஒன்றை உருவி மேசையில் வைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

வல்லிநாயகம் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அச்சுப் போல அவர் எழுத்து. ஏப்ரல் மாதத் தேதி. "ஆமா தாயி" என்றார். "பழகுததுக்குன்னு எழுதச் சொன்னாங்க."

"பழகுன ஷீட்டு எல்லாம் தனியா எடுத்துக் கிழிச்சுப் போட்டிருக்கணும். ஒரு கட்டு இதோட கலந்திருக்கு. மத்தவங்க பேருக்கு ஏ பி சி டின்னு கிறுக்கி வச்சிருந்தாங்க, காலேஜ் நம்பர் தப்பு, தேதி தப்பு. எல்லாத்தையும் மெஷின் தள்ளிட்டு. உங்களோடது ஒண்ணுதான் ஒரு பிழை இல்லாம இருந்துது. அதான் ஏத்துக்கிட்டு."

"அப்ப எடுத்துருங்க தாயி."

ஜாஹிரா பீவி சங்கடப்பட்டார். "எடுக்க முடியாது அண்ணாச்சி. மொத்த எண்ணிக்கை அரசாங்கத்துக்குப் போயிட்டு. இந்த வருசம் ஒரு மாணவன் வெளியே போகணும்னா மூணே வழிதான் வச்சிருக்கோம். படிச்சு முடிக்கணும், டி.சி. வாங்கணும், இல்லன்னா இறந்துபோகணும். ஆளே இல்லங்கதுக்கு இதுல எடம் வைக்கல. எங்களுக்கு அது தோணல."

"டி.சி.யே வாங்கிக்கிடுதேன்" என்றார் வல்லிநாயகம்.

திரும்பும் பஸ் சிவகிரி தாண்டியது. அப்புறம், "சார், நான் ஒழுங்கா எழுதுனதுதான் தப்பாப் போச்சு, இல்லியா?" என்றார். நான் அப்படியில்லை என்றேன். "அப்ப எது தப்பு?" என்று கேட்டார்.

ஜனவரியில் அவர் தனக்குத் தானே மாற்றுச் சான்றிதழ் எழுதினார். விண்ணப்பம் மாணவராக, சரிபார்ப்பு எழுத்தராக. முதல்வரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது நானும் அந்த அறையில் இருந்தேன். நடத்தை என்ற இடம் காலியாக இருந்தது.

"இதுல என்னவே போட?" என்றார் காந்திமதிநாதன்.

"வழக்கமா நல்லதுன்னுதான் சார் போடுவோம்."

முதல்வர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிப்ரவரியில் வந்த திருத்திய பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த இடத்தில் என் நாக்கு தானாக ஒரு கணம் நின்றது. அகிலா தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் வல்லிநாயகம் சுணங்கிப்போனார். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவார். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். சொன்னா சிரிப்பீங்க." கொஞ்சம் தயங்கினார். "அது பொய்யின்னு தெரியும். அது தொலையணும்னு நானே அலைஞ்சேன். தொலைஞ்சுட்டு. இப்ப என்னமோ கையில இருந்தது போன மாதிரி இருக்கு. என்ன இருந்துதுன்னு கேட்டா ஒண்ணுமில்ல. ஏன் இப்படி இருக்குன்னு எனக்கே தெரியல."

நான் சிரிக்கவில்லை. அந்தக் கோடையில், முப்பது வயது தாண்டியவர்கள் ஒரு நுழைவுத் தேர்வு எழுதி அஞ்சல் வழியில் பட்டப்படிப்பில் சேரலாம் என்ற அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்து, வெட்டி அவர் மேசையில் வைத்தேன். அதைப் பற்றி அவர் எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. 1987 தொடக்கத்தில் ஒருநாள், நுழைவுத் தேர்வில் தேறிவிட்டதாகவும் பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் அவராகவே சொன்னார். மகளிடம்கூடச் சொல்லவில்லையாம்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. தாங்கள் ஏற்கெனவே பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டில் இடைநின்றவர், அதற்கான காரணமும் முன்பு படித்த கல்லூரி முதல்வரின் பரிந்துரையும் தேவை என்று அதே பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை வல்லிநாயகம் யாரிடமும் போய் நிற்கவில்லை. காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினார். "பொய் எழுதிட்டேனோ சார்?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே யோசித்து, "அம்பத்தேழுல அதுதான காரணம்" என்றார். முதல்வர் பரிந்துரை கொடுத்தார். சேர்த்துக்கொண்டார்கள்.

1988இல் முதலாண்டுத் தேர்வு. தமிழும் வரலாறும் தேறின. ஆங்கிலம் போனது. மறுமுறையும் போனது. இதற்கிடையில் அகிலா பட்டம் வாங்கி, சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாள். எங்கள் அலுவலகத்துக்கும் திரை வைத்த மெஷின் ஒன்று வந்தது. அதன் முன்னால் உட்காரச் சங்கரபாண்டியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் முறை ஆங்கிலத் தேர்வு 1989 டிசம்பரில், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. கடைத்தெருவுக்கு வந்திருந்த நான் அந்த வழியாகப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் முத்துவடிவு தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தபிறகு கடைசியாக வல்லிநாயகம் வந்தார். விரலெல்லாம் மை.

"எப்படி எழுதினீங்க?" என்று முத்துவடிவு கேட்டார்.

"தெரியல. நாலஞ்சு கேள்வி விளங்குன மாதிரி இருந்துது. மத்ததுக்கும் எழுதி வச்சிருக்கேன்."

"தேறிருவீங்களா?"

"அதையும் இப்பச் சொல்லத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே அவர் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார், எலுமிச்சஞ்சோறு இருக்கு" என்று கூப்பிட்டார்.